முழுச் சார்ஜில் இறங்கிய காலை

கதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. பாடக்குறிப்பைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகாதவள் நான். பிழையிருப்பின் வாசிக்கும் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன். அன்றைய அச்சம் இன்னும் நெஞ்சை விட்டு இறங்காததால் மட்டுமே எழுதத் துணிந்தேன்.

மலைமேல் உள்ள வாழவந்தி நாட்டுப் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். எங்கள் ஊரில் முதன்முதலாக மின்சார ஸ்கூட்டர் வாங்கியவர் பெருமாயி. தோட்டத்து அன்னாசிப் பழங்களை வாசலூர்பட்டிக்கும் மலைக்குக் கீழே உள்ள சேந்தமங்கலத்துக்கும் தாமே கொண்டுபோய் விற்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து வேறு சில பெண்களும் வாங்கினார்கள். பாட்டிலில் பெட்ரோல் விற்றுவந்த மளிகைக் கடைக்காரர் சின்னுசாமி, பாட்டில்களை ஓரங்கட்டிவிட்டுக் கடை வாசலில் சார்ஜ் போட பிளக் வைத்தார்.

மலை இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அப்போது பேட்டரியிலும் சார்ஜ் ஏறும். இதைக் கவனித்த பெருமாயி, பாதிச் சார்ஜோடு இறங்குவதையே வழக்கமாக்கினார். "மீதிய மல ஏத்தி உட்டுரும்" என்பார். மற்றவர்களும் அவ்வாறே பழகினார்கள். பிரேக்கை எவரும் அதிகம் தொட்டதில்லை.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு காலை, பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. பயிற்சிக்காக நான் சேந்தமங்கலம் போயாக வேண்டும். பெருமாயி அன்புடன் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். முன்னால் அன்னாசி மூட்டை.

"டீச்சர் வாராங்கன்னு வண்டிக்கு வயிறு முட்டச் சார்ஜ் போட்டுட்டேன் புள்ள" என்றார் சின்னுசாமி.

"ஏனுங்ணா, மலைக்கு வேலையே வைக்க மாட்டீங்களா?"

"நடுவழில நின்னுட்டா டீச்சர் உன்னைய பெஞ்சு மேல ஏத்திருவாங்கல்ல!"

சிரித்துக்கொண்டே கிளம்பினோம். மேல் வளைவுகளைத் தாண்டியதும் பெருமாயியின் தோள்கள் விறைப்பதை என் கைகள் உணர்ந்தன.

"வண்டி புடிக்க மாட்டேங்குதுங்க டீச்சர்."

"பிரேக்கைப் பிடியுங்களேன்."

"புடிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்."

கருகல் நாற்றம் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவர் என் முழங்காலை நோக்கிப் பாய்ந்தது. சுவருக்கு அப்பால் மூடுபனியன்றி ஒன்றுமில்லை. ஜெபிக்க முயன்றேன், முதற்சொல்லே வரவில்லை. கீழ் வளைவில் லாரியின் ஹாரன் ஒலித்தது.

"கால மேல தூக்கிக்குங்க டீச்சர். மண்ணுல உடறேன்."

"வேண்டாம் பெருமாயி!"

"லாரி வருதுங்க. கண்ண மூடிக்குங்க சாமி!"

மழையில் சரிந்து மலையோரம் குவிந்திருந்த மண்ணில் வண்டி ஏறிக் கவிழ்ந்தது. லாரி எங்களைக் கடந்து சென்று நின்றது. பெருமாயி வாயைப் பொத்தியபடி தவழ்ந்து வந்து என் கைகால்களைத் தொட்டுப் பார்த்தார். அவர் விரலிடுக்கில் இரத்தம் வழிந்தது.

நிறைந்த பேட்டரியில் மேலும் ஏற இடமில்லாததால் மோட்டார் வண்டியைப் பிடிக்கவில்லை என்றும், முழுப் பாரமும் விழுந்து பிரேக் சூடேறிப்போனது என்றும் மெக்கானிக் பின்னர் விளக்கினார்.

இப்போது சின்னுசாமி, "ஏறறீங்களா, எறங்கறீங்களா?" என்று கேட்ட பிறகே பிளக்கைக் கொடுக்கிறார். இறங்குபவர்களுக்கென்று, பாதி ஏறியதும் தானே அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். கேலி பேசுவதில்லை. பெருமாயி அதே வண்டியில் போய்வருகிறார். நான் பேருந்துக்குக் காத்திருக்கிறேன்.

அன்று போனவை: அன்னாசி ஒரு மூட்டை. வண்டியின் முன்விளக்கு. என் மூக்குக்கண்ணாடி, ஒரு செருப்பு. பெருமாயியின் முன்பற்கள் இரண்டு.