சிரித்த பிணம்

பொத்தானும் லைனிங் துணியும் விற்கிற கடையில் இளையவருக்கு நொட்டையார் என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, கல்லாவில் உட்காரும் சொந்த அண்ணன்தான். எந்தச் சரக்கு வந்து இறங்கினாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நாலு நொட்டை சொன்னால்தான் இளையவருக்குச் சாப்பாடு இறங்கும். அதில் தப்பும் இல்லை. துணியைப் பார்த்ததும் ‘ஆகா’ என்பவன் வாங்க வந்தவன் அல்ல, மின்விசிறிக் காற்றுக்கு ஒதுங்கியவன். ‘இதென்னய்யா, இங்கே இழை விட்டிருக்கு’ என்று முகத்தைச் சுளிப்பவன் மனசுக்குள் அதை ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். கடைத்தெருவில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படி அவர் உலகத்திலேயே அதிகமாக நொட்டை சொன்ன சரக்கு ஒரு சினிமா. கறுப்பு வெள்ளைப் படம். செத்தவர்கள் எழுந்து ஒரு படகுத்துறையை நோக்கி நடந்து வருவார்கள். துறை ஆபீசுக்குள் உயிரோடு இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்குவார்கள். கடைத்தெருவில் அதற்குப் ‘பிணப்படம்’ என்று பெயர். மூடிப்போன ஒரு திரைப்படக் கழகத்திலிருந்து அதன் ரீல்களை அவர் தகர டப்பாவோடு வாங்கி வைத்திருந்தார். விடுமுறை நாட்களில் குடோனில் வெள்ளை லைனிங் துணியைக் கட்டித் தொங்கவிட்டு ஓட்டுவார். பக்கத்துக் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள், படத்துக்குப் பாதி, அவர் பேச்சுக்குப் பாதி.

“பிணத்தப் பாத்து எதுக்கு பயப்படுறீங்க? அதுங்க பாட்டுக்கு வருது. ஒண்ணு ஒண்ண முந்துதா? இடிக்குதா? உள்ள இருக்கிற உயிருள்ளவனுங்களப் பாருங்க. இருக்கிறது ஒரே படகு. நான் ஏறுறேன், நீ நில்லுன்னு பேரம். பேரம் படியிறதுக்குள்ள கதவு உடைஞ்சிருது. இது பேய்ப்படமா? நம்ம வியாபாரிகள் சங்கக் கூட்டம்!”

“தலைவர் எந்தப் பக்கம்யா? உள்ளயா, வெளியயா?” என்று யாராவது கேட்பார்கள். சிரிப்பில் குடோன் அதிரும்.

பிறகு நொட்டைகள் வரும். ஒரு பிணத்தின் கையில் கடிகாரம். துறைக் காட்சியில் சுவரேறும் மைக்கின் நிழல். எல்லாவற்றுக்கும் மேலே, ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே கூட்டத்தோடு நடக்கிற ஒரு பிணம் சட்டென்று கேமரா பக்கம் திரும்பிப் பல் தெரியச் சிரித்துவிடும். “பாருங்க, பாருங்க, செத்தும் சந்தோஷம் தாங்கல இவனுக்கு!” என்று அவர் கத்துகிற இடம் அதுதான்.

பழைய படங்களைச் சுத்தம் செய்து வெளியிடும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். முழுசாக மிஞ்சியிருப்பது அவரிடம் உள்ள பிரதி ஒன்றுதானாம். நொட்டையார் குடோனில் ஒருமுறை ஓட்டிக் காட்டினார், வழக்கமான நொட்டைகளோடு. அவள் சிரித்துச் சிரித்துப் போனில் குறித்துக்கொண்டாள். டப்பா கைமாறியது. படத்தின் முடிவில் அவர் பேரைப் போடுவதாகப் பேச்சு.

படம் தயாராகி, சுவரொட்டி கடைக்குள் ஒட்டப்பட்ட அன்று தையல்காரம்மா லைனிங் வாங்க வந்தார். வருஷக்கணக்கான வாடிக்கை. குடோனில் ஓடும் பிணப்படம் எது என்று அவர் கேட்டதில்லை. சுவரொட்டியைப் பார்த்தவர் நகரவே இல்லை.

“இந்தப் படத்துல எங்கப்பா இருக்காருங்க.”

“யாரு, ஹீரோவா?” என்றார் அண்ணன் கல்லாவிலிருந்து.

“இல்லைங்க, பிணமா. கூட்டத்துக்கு ஆள் எடுத்தாங்களாம், போனாராம். அப்ப நான் அம்மா வயித்துல. நான் பொறக்கிறதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டாரு. ஒரு போட்டோ கெடையாது. சின்ன வயசுல ஒருதரம் டிவில போட்டாங்க. ஜன்னலுக்கு வெளிய ஒருத்தர் திரும்பிச் சிரிச்சாரு. அதோ, அதான் உங்கப்பான்னு அம்மா காட்டினாங்க. அதுக்குள்ள போயிருச்சு.”

நொட்டையார் முன்னால் வந்தார். “அவரா! அட, அவரு எனக்கு அத்துப்படிம்மா! நீங்க வாங்க, பொண்ணயும் கூட்டிட்டு வாங்க. நல்ல சீட்டு என் பொறுப்பு.”

தியேட்டர் வாசலில் கம்பெனிப் பெண் அவரைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

“சார், உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ். நீங்க சொன்ன தப்பு ஒண்ணு விடாம சரி பண்ணிட்டோம். கடிகாரம் போச்சு, மைக் நிழல் போச்சு. அந்தச் சிரிக்கிற ஆளுதான் எங்கள ரொம்பப் படுத்திட்டாரு. முகத்தையே புதுசா வரைய வேண்டியதாப் போச்சு.”

நொட்டையார் உள்ளே போகும் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“யாரும்மா சரி பண்ணச் சொன்னது?”

“நீங்கதானே சார்! ஒண்ணொண்ணா காட்டிச் சொன்னீங்க.”

அவள் கடைத்தெருவில் பிறந்தவள் அல்ல. நொட்டையை நொட்டை என்றே எடுத்துக்கொண்டாள்.

“பழைய ரீலு?”

“ஃபிலிம் கெட்டுப்போய்ப் புளிச்ச வாடை வந்துச்சே சார். அது பக்கத்து ரீலுக்கும் தொத்தும். அழிச்சிட்டாங்க.”

“கம்ப்யூட்டர்ல? முதல்ல ஏத்தினது?”

“முடிஞ்சதும் அதெல்லாம் வெச்சுக்க மாட்டோம் சார். இடம் பத்தாது.”

வாழ்நாளெல்லாம் பேரம் பேசியே பழகியவர் அவர். இங்கே விற்பவனும் இல்லை, சரக்கும் இல்லை. யாரிடம் போய் எதைக் குறைக்கச் சொல்வது?

உள்ளே தையல்காரம்மா பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கல்லூரிக்குப் போகும் மகள். தமக்கு அடுத்த இருக்கையை இவருக்காகக் கைப்பையை வைத்துப் பிடித்துவைத்திருந்தார். சொல்லிவிடலாம் என்று குனிந்தார் நொட்டையார். “ரொம்ப நன்றிங்க,” என்றார் அந்தம்மா முந்திக்கொண்டு. விளக்கு அணைந்தது.

படம் கண்ணாடியாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. பிணங்கள் வந்தன. உள்ளே ஆட்கள் படகுக்குச் சண்டை போட்டார்கள். ஜன்னல் வந்தது.

“இப்பத்தான், இப்பத்தான். திரும்புவாரு பாரு,” என்று தையல்காரம்மா மகளின் முழங்கையைப் பிடித்தார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு உருவம் நேரே பார்த்தபடி நடந்து போனது. முகம் மாவு பிசைந்து வைத்தாற்போல் வழவழப்பாக, எவருடையதாகவும் இல்லாமல்.

“இது இல்ல. அடுத்த தடவ ஜன்னல் வரும்.”

ஜன்னல் மறுபடி வந்தது. “இதுவும் இல்ல. கடைசில போல இருக்கு.” கடைசியில் கதவு உடைந்தது, படகு கவிழ்ந்தது, எழுத்துகள் ஓடின. ‘பிழைகளைக் கண்டறிந்து உதவியவர்’ என்று நொட்டையார் பெயர் தனியாக வந்தது. கூட்டம் கைதட்டியது. தையல்காரம்மாவும் தட்டினார். தட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

“பிழைன்னா என்னங்க?”

அவர் சொன்னார். ஒளிக்காமல், எல்லாவற்றையும். அந்தம்மா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிங்க. நீங்கதான் எத்தன வருஷமா பாத்திருக்கீங்க. சொல்லுங்க. இவ சாயல் இருந்துச்சா?” மகளின் தாடையைப் பிடித்து அவர் பக்கம் திருப்பினார்.

நொட்டையார் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலைத் தேடினார். சிரிப்பு எந்த இடத்தில் வரும், அதற்கு முன் எந்தப் பிணம் கடந்துபோகும், கூட்டம் எப்போது சிரிக்கும், எல்லாம் வந்தது. மூக்கு வரவில்லை. கண் வரவில்லை.

“சட்டை ஞாபகம் இருக்கும்மா,” என்றார் மெல்ல. “முரட்டுப் பருத்தி. காலர்ல ரெட்டைத் தையல். இடது தோள்ல ஒரு கிழிசல்...”

மேடையில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், படத்தைப் பற்றிப் பேச. கம்பெனிப் பெண் ஓரத்திலிருந்து கையசைத்தாள்.

“சட்டை இன்னும் அப்படியேதான் இருக்குங்க. நானும் பாத்தேன்,” என்றார் தையல்காரம்மா. “நான் மொகத்தக் கேட்டேன்.”