விடுங்க மச்சான்

விசாரணைக்கு வந்த பொறியாளர் இடிபாட்டுக்கு நடுவிலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் நின்றேன். இரண்டு நாளாகக் கண்ணை மூடவில்லை; நின்ற இடத்திலேயே தூங்கிவிடுவேன் போலிருந்தது.

"இங்க மேற்பார்வை பாக்குறவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர் சார்."

"அப்ப இது குடும்ப விவகாரம்னு சொல்லுங்க" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடந்தது இவ்வளவுதான். பழைய இரண்டு மாடிக் கட்டடம். இடிக்கும் மெஷினை ஓட்டுவது நான். பக்கத்து வீட்டோடு ஒட்டிய பொதுச் சுவரை மட்டும் ஆள் வைத்துச் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்க வேண்டும். அது பிறகு நடக்கிற வேலை என்பதால் பக்கத்து வீட்டுக்காரர்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை கீழே நின்று கை நீட்டுவார். "இதுக்கு ஒண்ணு விடுங்க மச்சான்" என்பார். நான் மெஷினின் இரும்புக் கையால் ஓர் அடி விடுவேன். தூண், படிக்கட்டு, ஜன்னல் சட்டம், எல்லாவற்றுக்கும் அதே பேச்சுதான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு எதிரே நிமிரக்கூட மாட்டார். வேலையிடத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

முந்தாநாள் மதியம் மூன்று மணி இருக்கும். கடைசி அறையை முடித்துவிட்டு இரும்புக் கையைத் தூக்கினேன். மாப்பிள்ளை புழுதிக்குள்ளிருந்து பொதுச் சுவரைக் காட்டிக் கத்தினார்.

"விடுங்க மச்சான், விடுங்க!"

தொடாமல் விட்டுவிடச் சொன்னார் அவர். நான் ஓர் அடி விட்டேன். சுவர் அந்தப் பக்கமாகச் சரிந்தது. அந்தப் பக்கம் தையல்காரர் உட்கார்ந்து சட்டை தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை நசுங்கிவிட்டது. விரல்களைப் பற்றி டாக்டர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இன்று காலையில் தங்கச்சி போனில் அழுதாள். "அண்ணே, அவர் அடிக்கச் சொன்னார்னு மட்டும் சொல்லிடாதண்ணே. உள்ள தூக்கிப் போட்டுருவாங்க." என் காதில் தப்பாக விழுந்தது என்று சொன்னால் என் லைசென்ஸ் போகும். இருபத்தாறு வருஷமாக எனக்குச் சோறு போட்டது அதுதான். அதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. சரி சரி என்று போனை வைத்தேன்.

"என்ன சொன்னார்?" பொறியாளர் பேனாவைத் திறந்தார்.

"விடுங்கன்னார்."

"அடிக்கச் சொன்னாரா, நிறுத்தச் சொன்னாரா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

மாப்பிள்ளை தள்ளி நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தையல்காரரின் மனைவி, செங்கல்லுக்கு அடியிலிருந்து வெட்டிய துணிகளை இழுத்து உதறிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொய் சொல்லவும் தெம்பில்லை.

"நிறுத்தத்தான் சொன்னார் சார். தப்பாத்தான் காதுல விழுந்துச்சு. ஆனா அது பொதுச் சுவராச்சே, ஏன் அடிக்கச் சொல்றார்னு அப்பவே தோணுச்சு. எஞ்சினை அணைச்சிட்டு எறங்கிக் கேட்டிருக்கலாம். அலுப்பா இருந்துச்சு. எறங்கல."

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொறியாளர் எழுதாமல் என்னைப் பார்த்தார்.

"இதை எழுதினா இனிமே மெஷின்ல உக்கார முடியாது. தெரியுமில்ல?"

"எழுதுங்க சார்."

உதறுகிற சத்தம் நின்றிருந்தது. தையல்காரரின் மனைவி கையில் ஒற்றைச் சட்டைக் கையோடு மெஷினை அண்ணாந்து பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"எறங்க எத்தனை படிங்க?"

"நாலும்மா" என்றேன்.