இரண்டாவதாக வந்த தொரை

லாபு ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், முனியாண்டி கோயிலுக்குப் பின்னால், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே ஹார்ட்லி தொரையின் கல்லறை இருக்கிறது. தொரை சீமையில் பெரிய ஓட்டக்காரர். அரை மைல் ஓட்டமொன்றில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் முதலிடத்தைத் தவறவிட்டவர். பிறகு கப்பலேறி இங்கே மானேஜராக வந்தார். தினமும் விடியலில் வேலைக்கு ஆளெடுக்கும் முன்பே தோட்டச் சாலையில் ஓடினார். காய்ச்சலில் இங்கேயே செத்தும் போனார்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளிக் கோப்பை, அதுவும் இரண்டாம் பரிசு. அதை அவர் நாள் தவறாமல் துடைப்பதைப் பார்த்த நம் ஆட்கள், வெள்ளைக்காரன் ஊரில் இரண்டாவதுதான் ஒசத்தி என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர் செத்ததிலிருந்து கோயில் திருவிழா ஓட்டத்தில் முதலில் வருபவனுக்குச் சேவல். இரண்டாவதாக வருபவனுக்குத்தான் கல்லறையில் வைத்து மாலை, அந்தக் கோப்பையில் பால். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தப்பைக் கண்டுபிடிப்பதற்குள் அறுபது வருஷம் ஓடிவிட்டது. சாமி காரியத்தில் யார் கை வைப்பது?

பூசாரி யோகேந்திரன் ஆயுசில் மாலை போட்டுக்கொண்டது இரண்டே தடவை. ஒன்று கல்யாணத்தில். மற்றது பத்தொன்பது வயதில், இந்தக் கல்லறையில். எதிலும் முதலாவதாக வராத மனிதர் அவர். தொரையின் எலும்பைச் சொந்த ஊருக்கு எடுத்துப்போக, தொரையின் தம்பி பேத்தியான கிழவி ஆலிஸ் அனுமதிக் கடிதத்தோடு வந்து இறங்கியதிலிருந்து யோகேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை.

"நாளைக்குத் தோண்ட ஆளு வராங்களாம்பா," என்றாள் மகள் லோகேஸ்வரி. ஆலிஸுக்கும் அவருக்கும் நடுவில் பேச்சை மொழிமாற்றிச் சொல்பவள் அவள்தான்.

"இன்னிக்கி ஓட்டத்தப் பாத்துட்டுப் போவச் சொல்லும்மா. அது போதும்."

திடலை இரண்டு சுற்று. லோரி ஓட்டும் தேவன் முதலில் வந்தான், சேவலை வாங்கிக்கொண்டு போனான், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவதாக வந்த மகேந்திரனைத்தான் தோளில் தூக்கிக் கல்லறைக்குக் கொண்டு வந்தார்கள். யோகேந்திரன் மாலை போட்டுப் பாலைக் கொடுத்தார்.

ஆலிஸ் விவரம் கேட்டாள். லோகேஸ்வரி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கிழவி கோப்பையை வாங்கி, அதிலிருந்த எழுத்தைத் தடவிப் பார்த்து அழ ஆரம்பித்தாள். தொரையை இத்தனை வருஷமாகக் கேலி செய்துவிட்டோமோ என்று நினைத்து யோகேந்திரன் கல்லறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"அந்த ஓட்டத்துக்கு அப்புறம் தொரைய பெத்த அப்பாவே அவரு படத்த சுவத்துலேர்ந்து எடுத்துட்டாராம்பா. இன்னிக்கும் வீட்ல அவருக்குப் பேரு, தோத்தவராம்." ஆலிஸ் சொன்னதை லோகேஸ்வரி மொழிமாற்றிச் சொன்னாள்.

ஆலிஸ் அனுமதிக் கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். மெல்ல ஏதோ சொன்னாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

"எடுத்துட்டுப் போவலியாம். அங்க கொண்டு போனா மறுபடியும் ரெண்டாவதாத்தான் கெடப்பாராம்."

யோகேந்திரனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இங்கயும் ரெண்டாவதுதான் லா," என்றார். "ஆனா இங்க அதுக்கு மால உண்டுன்னு சொல்லு."