இரண்டு மில்லிஜூலைத் தாண்டாத லேசர்

கட்டைவிரல் நகத்தளவு லேசர் ஒன்று அந்த இன்ஜினியரை எட்டு மாதமாக ஆட்டிவைத்தது. கண்புரை அறுவை செய்துகொண்டவர்களில் சிலருக்கு, பொருத்திய லென்சுக்குப் பின்னால் மறுபடி ஆடை படியும். அதை லேசரால் துளைத்துத் திறக்கும் பெரிய கருவியைக் கைப்பையில் அடங்குமளவு சுருக்குவதுதான் அவள் வேலை. லேசரோ துடிப்புக்கு இரண்டு மில்லிஜூலுக்கு மேல் தரமாட்டேன் என்று அடம்பிடித்தது. குறைந்தது நான்கு வேண்டும். மின்சாரத்தைக் கூட்டினால் உள்ளே ஒளியை உண்டாக்கும் படிகம் சூடாகி, இருந்ததும் இறங்கியது.

"படிகமே மட்டம்" என்று தீர்ப்பு எழுதிவிட்டாள் அவள்.

படிகத்தைச் செம்புத் தாங்கியில் பொருத்துகிறவள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் 'கடுகு'. ஆள் அவ்வளவு சின்னம்.

"அக்கா, தாங்கியில பள்ளம் கொஞ்சம் பெருசா வெட்டியிருக்கு போல. படிகம் சரியா ஒட்டலை" என்றாள் ஒருநாள்.

"வரைபடம் நான் போட்டது. நீ உன் வேலையைப் பாரு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடுகு குனிந்து அடுத்த தாங்கியை எடுத்தாள்.

வேறு இடத்திலிருந்து வரவழைத்த படிகமும் ஒரு மாதம் கழித்து அதே இரண்டில் நின்றபோதுதான் இன்ஜினியருக்குச் சுருக்கென்றது. நேரே கடுகின் மேசைக்குப் போனாள்.

"அன்னைக்கு என்னமோ சொன்னியே, காட்டு."

நுண்ணோக்கியில் பார்த்தால், படிகத்துக்கும் செம்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. சூடு வெளியேற வழியே இல்லை. கடுகு அந்த இடத்தில் வெண்ணெய்போல் நசுங்கும் இண்டியம் என்ற உலோகத் தகட்டை வைத்து இறுக்கினாள். மின்சாரம் பழைய அளவுதான். மானியில் மூன்று வந்தது. சற்றுக் கூட்டியதும் நான்கே கால். இன்ஜினியருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சாதிச்சிட்டீங்க!" என்றார் இயக்குநர், மறுவாரக் கூட்டத்தில்.

"நான் இல்லை சார். தப்பு என் வரைபடத்துல. இவங்க ஒரு மாசம் முன்னாடியே சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கலை."

வெளியே வந்ததும் கடுகு கூச்சத்தில் நெளிந்தாள். "எதுக்குக்கா எல்லார் முன்னாடியும்?"

"அன்னைக்கு உன்னைத் திட்டினதும் எல்லார் முன்னாடியும்தானே?"

சோதனைகளெல்லாம் முடிந்து கருவி மருத்துவமனைக்குப் போக ஒன்றரை வருடமாயிற்று. முதலில் சிகிச்சை பெற்ற தையல்காரம்மாவை மறுநாள் இருவரும் போய்ப் பார்த்தார்கள். அவர் இன்ஜினியரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, சட்டைக் கைப்பட்டன் நூல் பிரிஞ்சு தொங்குதே, கவனிக்கலையா?"

சிரித்து முடித்ததும் அந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும் தாயி."

அவள் கடுகை இழுத்து முன்னால் நிறுத்தினாள். "இவங்களையும் சேர்த்து வாழ்த்துங்கம்மா."