கலக்காத எண்ணெய்

என் வீட்டுக்காரருக்கு ஓய்வு கிடைத்தது. எனக்கு அவர் கிடைத்தார்.

உணவுக் கலப்படத்தைப் பிடிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவர். பாலில் தண்ணீர், மிளகாய்த்தூளில் செங்கல் பொடி என்று பிடித்துப் பிடித்தே பழகிய மனிதர். ஆபீஸை விட்டு வந்த பிறகும் அவருடைய மூக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. விருந்தாளி ஆசையாக வாங்கி வந்த தேனை, அவர்கள் கண்ணெதிரிலேயே ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுக் குனிந்து பார்ப்பார். அவர்கள் முகம் செத்துப்போகும். நான் காபி போடும் சாக்கில் உள்ளே நழுவிவிடுவேன். உறவில் எல்லோரும் அவரை இன்ஸ்பெக்டர் என்றேதான் கூப்பிடுவார்கள். அது கிண்டல் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பிடித்துத் திருப்பித் திருப்பி என் தோள் இறுகிப்போயிருந்தது. ஸ்கூல் முதலாளியம்மா மகளோடு போய் இருக்கப்போகிறார். ஸ்கூலை நான் எடுத்து நடத்த முடியுமா என்று கேட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குக் கொள்ளை ஆசை.

இன்ஸ்பெக்டருக்கு அது பிடிக்கவில்லை. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குத் துணிச்சல் இல்லாதவர். அதனால் என் உடம்பின்மேல் அவருக்குத் திடீர்க் கரிசனம் பொத்துக்கொண்டு வந்தது.

"தோளைத் தொட்டுப் பாரு, கல்லு மாதிரி இருக்கு. உனக்கு ரெஸ்ட் வேணும். வீட்டிலேயே நான் மசாஜ் பண்ணிவிடறேன்."

அந்த வாரம் முழுக்க போனும் கையுமாக வீடியோ பார்த்தார். லாவெண்டர், யூகலிப்டஸ், லவங்கம், பட்டை என்று சின்னச் சின்னக் குப்பிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றையும் வெள்ளைக் காகிதத்தில் சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். வீடியோவில் ஒரு பெண் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு மூன்று சொட்டுப் போதும், அப்படியே பூசக் கூடாது. இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

"மூணு சொட்டு சரக்கு, மிச்சமெல்லாம் தேங்காய் எண்ணெய். இதுக்குப் பேரு மசாஜா? என் சர்வீஸ்ல இவளை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

"அவ கலந்துதான் பூசணும்னு சொல்றாளேங்க."

"அவ விக்கிறவ. கலக்கத்தான் சொல்லுவா."

விற்கிறவள் நிறைய ஊற்று என்று சொல்வாளா, கொஞ்சமாக ஊற்று என்று சொல்வாளா? இந்தக் கேள்வி ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றும். சர்க்காரில் காலமெல்லாம் குப்பை கொட்டிய அந்த மூளைக்குத் தோன்றவில்லை.

பிறகு ஏன் போய்ப் படுத்தாய் என்று கேட்பீர்கள். ஆசைப்பட்டேன். கல்யாணமான நாளிலிருந்து, வலிக்கிறதா என்று கேட்டு என் தோளில் கை வைத்தவர் இல்லை. இப்போதாவது வைக்கிறாரே என்று இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். கரண்ட் போனால் ஏற்றும் தடி மெழுகுவர்த்தி இரண்டைக் கொளுத்தினார். போனில் புல்லாங்குழல், நடுநடுவே பல்பொடி விளம்பரம். பழைய போர்வையை விரித்துக் குப்புறப் படுத்தேன். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தோளில் வைத்தார். முதலில் வெறும் கைதான். நிஜமாகவே சுகமாக இருந்தது. கண் சொருகியது. அப்புறம் பட்டை எண்ணெயையும் லவங்க எண்ணெயையும் அப்படியே ஊற்றி, தோளிலிருந்து இடுப்புவரை இழுத்துவிட்டார்.

"முதலாளியம்மாகிட்ட வேணாம்னு சொல்லிடேன்," என்றார், காதோரம், அவ்வளவு இதமாக. "நாம ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்."

சரி என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. என்னையே நான் காறித் துப்பிக்கொள்ள வேண்டும், ஆனால் வந்தது.

அதற்குள் முதுகு சுட ஆரம்பித்தது.

"எரியுதுங்க."

"வேலை செய்யுது. சுத்தமான சரக்குன்னா அப்படித்தான்."

"ஐயோ, நிஜமாவே எரியுது, கையை எடுங்க!"

"கொஞ்சம் பொறுத்துக்கோ," என்று இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

அவரைத் தள்ளிவிட்டு பாத்ரூமுக்கு ஓடினேன். தண்ணீர் ஊற்ற ஊற்ற எரிச்சல் கூடியதே தவிர எண்ணெய் போகவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போய், தேங்காய் எண்ணெயை முதுகில் கவிழ்த்து வழித்து வழித்துத் துடைத்தேன். இன்ஸ்பெக்டர் வாசற்படியில் நின்றுகொண்டு பதறினார். என்னைப் பார்த்துப் பதறுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஐயையோ, அதைக் கலக்காதே! எல்லாம் வீணாப் போயிடும்!"

கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா முதுகைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொப்புளம் கிளம்பியிருந்தது. என்ன பூசினீர்கள் என்று என்னைக் கேட்டாள். பதில் இன்ஸ்பெக்டர் சொன்னார்.

"பட்டை எண்ணெயும் லவங்க எண்ணெயும்தான். இவளுக்கு எப்பவுமே தோல் கொஞ்சம் வீக்கு டாக்டர். எண்ணெய் நூறு பர்சன்ட் சுத்தம்."

"சுத்தமா பூசினதுதான் சார் பிரச்சனை. பட்டை எண்ணெயும் லவங்க எண்ணெயும் கலக்காம பூசினா யார் தோலா இருந்தாலும் வெந்துடும்."

இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டார். வருத்தப்படுகிறார் என்று நினைத்து எனக்கு மனசு இளகக்கூடச் செய்தது. திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. வேலையில் இருந்த காலத்தில், பெரிய கேஸ் ஒன்று சிக்கிய அன்று மட்டும்தான் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

"அப்படின்னா இது ஒரிஜினலே இல்ல! எவனோ இதுல கெமிக்கல் கலந்திருக்கான். சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பணும். போர்வையைத் துவைக்கப் போட்டுடாதே, அது எவிடென்ஸ்!"

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

களிம்பு போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, வராந்தாவில் அவர் பழைய ஆபீஸ் சிநேகிதரிடம் போனில் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். சீல் வைப்பது, பாட்டில், சாட்சி. அவருக்குப் பக்கத்திலேயே நின்று நானும் என் போனை எடுத்தேன்.

"நான்தான் பேசறேன்மா. ஸ்கூலை நான் எடுத்துக்கறேன். ஆமா, முடிவு பண்ணிட்டேன். இனிமே மாத்த மாட்டேன்."

வேண்டுமென்றே சத்தமாகத்தான் சொன்னேன். சண்டைக்குத் தயாராகவும் இருந்தேன். இன்ஸ்பெக்டர் தன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் மெதுவா பேசேன், அவர் சொல்றது காதுல விழல."

யாரிடம் பேசினாய் என்று அவர் கேட்கவே இல்லை. நான் ஸ்கூலை எடுக்கக் கூடாது என்று இத்தனை நாள் தவம் கிடந்த மனிதருக்கு ஒரு சாம்பிள் பாட்டில் கிடைத்ததும் நான் மறந்துபோனேன். தடுத்தாவது இருக்கலாம். அதற்குக்கூட நான் லாயக்கில்லை என்று ஆனதுதான் முதுகைவிட எரிந்தது.

காரில் அவர் சாம்பிளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். முதுகு சீட்டில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, வீடு வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.