பின்பக்கம்

செத்துப்போன அப்பாவின் வலது சுட்டுவிரலில் ஒட்டியிருந்த மையை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள் மகள். போகவில்லை. நகத்துக்கடியில் வேறு மஞ்சளாய் ஏதோ அப்பியிருந்தது. எச்சில் தொட்டுத் தொட்டு அட்டைகளைப் புரட்டிய விரல். அதன் நுனியைத் துணியோடு சேர்த்தே பிடித்தாள்.

கூடத்தில் எதிர்வீட்டுக்காரி வந்தவர்களிடமெல்லாம் ஒரே கதையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பத்து வருஷமா எதிர்லயே இருக்கேன். இந்த வீட்டுல ஒரு சண்டைச் சத்தம்? மூச்! அப்படி ஒரு ஒத்துமை!"

பேச்சிருந்தால்தானே சத்தம் வர? தெருவே 'அகராதி' என்று அழைத்த மனிதர், கல்யாணத்தைப் பற்றிய சொற்களுக்கெல்லாம் வேர் தேடி மூட்டை மூட்டையாக அட்டை எழுதியவர், கட்டினவளிடம் வாய் திறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வேண்டியதை ஏதாவதொரு அட்டையின் பின்பக்கத்தில் எழுதி மேசை ஓரத்தில் வைப்பார். காலியாகக் கிடக்கும் பக்கத்தை வீணாக்க மனம் வராத கஞ்சப் பிரபு. முன்பக்கம், 'மனைவி: மனை என்ற வீட்டுச் சொல்லிலிருந்து பிறந்தது.' பின்பக்கம், 'காபியில் சர்க்கரை இல்லை.' அம்மா சர்க்கரையைப் போட்டுவிட்டு, அட்டையை அகர வரிசை பிசகாமல் பெட்டியில் சொருகிவிடுவாள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு விருந்தாளி. அவர் முன்னால் அப்பா, 'விதவை' என்றால் கணவன் இல்லாதவள், வடமொழியில் 'வி' என்றால் இல்லாத, 'தவ' என்றால் கணவன் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா, "அந்தச் சொல் பழைய நூல்ல தனியா எங்கயும் காணோமே? விதவையை வெட்டித்தான் அந்தப் புருஷனையே பண்ணியிருப்பாங்க போல" என்றாள். விருந்தாளி சிரித்துவிட்டார். அன்றோடு சரி.

தலையணை உறை ஈரமாக நாறியது. மாற்றலாம் என்று மகள் தூக்கியபோது அடியில் ஒரு அட்டை. காலையில் கைக்கு அகப்பட்டதை எடுத்து எழுதியிருக்கிறார், எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது: 'ஜன்னலைச் சாத்து.'

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அதை வாங்கித் திருப்பினாள். பெட்டிக்கே வராத அட்டை அது. 'விதவை: பிரிந்து வெறுமையாதல் என்பதே பழைய வேர். கணவன் என்ற பொருளுள்ள சொல், இதிலிருந்து பின்னாளில் வெட்டி எடுக்கப்பட்டது.' கீழே தேதி. பத்து வருடத்துக்கு முந்தையது.

"நீ சொன்னதுதான் சரின்னு பத்து வருஷமா தெரிஞ்சே..." என்றாள் மகள். துணியை வாளியில் வீசினாள்.

அம்மா அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, அப்பாவின் புத்தகத்தை அச்சிட இருந்த பதிப்பாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"அண்ணி, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். மழை வர்ற மாதிரி இருக்கு. பெட்டியையெல்லாம் வண்டில ஏத்திடட்டுமா?"

"அப்பாவை ஏத்தறதுக்கு முன்னாடியேவா?" என்றாள் மகள். பிறகு அம்மாவின் காதருகே குனிந்தாள். "குடுக்காதம்மா. கொளுத்திடலாம். வெளிய தெரிஞ்சா அசிங்கம்."

"யாருக்கு?" என்றாள் அம்மா. பதிப்பாளரைப் பார்த்தாள். "எடுத்துட்டுப் போங்க. ஆனா ரெண்டு பக்கமும் அச்சாகணும்."

அவருக்குப் புரியவில்லை. மேல் பெட்டியிலிருந்து ஒரு அட்டையை உருவிக் கணீரென்று படித்தார்.

"'விவாகம்: பெண்ணைக் கொண்டுபோதல் என்பது வேர்ப்பொருள்.' ஆகா!" திருப்பினார். அதே வேகத்தில் வாய் ஓடிவிட்டது. "'கால் நகம் வெட்ட வேண்டும். வா.'"

கூடத்திலிருந்து வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த எதிர்வீட்டுக்காரியின் வாய் அன்றைக்கு முதல் தடவையாக மூடிக்கொண்டது.

"அண்ணி... இது சொந்த விஷயம். ஆராய்ச்சி புத்தகத்துல போய்..."

"முன்பக்கம் எதைப் பத்தி எழுதியிருக்காரு?"

"கல்யாணத்தைப் பத்தி."

"பின்பக்கமும் அதேதான்."

பதிப்பாளர் அட்டையை அவசரமாகப் பெட்டியில் செருகினார். இடம் தப்பு. அம்மா அதை உருவி, சரியான இடத்தில் வைத்தாள். கையிலிருந்த 'விதவை'யையும் அதன் இடம் பார்த்துச் சொருகினாள். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "சரி அண்ணி" என்று முனகிக்கொண்டே பெட்டியைத் தூக்கினார்.

தூறல் தொடங்கியது. மகள் ஜன்னலைச் சாத்த எழுந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அப்பாவின் கால்பக்கப் போர்வை நனைந்துகொண்டிருந்தது.