'பார்க்கலாம்' என்பதற்கு ஆங்கிலம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. 'பார்க்கலாம்' என்பார். அதோடு அந்த விஷயம் முடிந்துவிடும். குளியலறைக் குழாய் ஒழுகியபோதும் அப்படித்தான் சொன்னார். கடைசியில் மனைவியே அதைக் கழற்றி மாட்டினாள்.

மாடியில் புதிதாக வந்திருந்த கண் டாக்டருக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அதுவரை கடைக்காரர் அவரிடம் தலையை ஆட்டியே சமாளித்துவந்தார். அன்று காலை டாக்டரின் நர்ஸ் இறங்கி வந்தாள்.

"பஸ் டிப்போ டிரைவருங்க நாப்பது பேருக்குக் கண்ணாடி வேணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள. நான் மத்தியானமே ஊருக்குக் கெளம்பறேன், வர ஒரு வாரம் ஆகும். சாயங்காலம் டாக்டரே கேக்க வருவாரு."

ஐந்து நாளில் எண்பது லென்ஸ். கடைக்காரர் மச்சினிக்குப் போன் போட்டார். அவள் வேலையே நாள் முழுக்க ஆங்கிலத்தில் போன் பேசுவதுதான்.

"பாக்கலாம்னு இங்கிலீஷ்ல எப்படிம்மா சொல்றது?"

"எந்தப் பாக்கலாம் மாமா? நிஜமா பாக்கறதா, அக்காகிட்ட நீங்க சொல்றதா?"

"அக்காகிட்ட சொல்றதுதான்."

மச்சினி தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு, "ஐ வில் சீ டு இட்" என்றாள்.

"சீன்னாலே பாக்கறதுதானே? டு இட் எதுக்கு?"

"அது மரியாதைக்கு."

மாலையில் டாக்டர் கேட்டார். கடைக்காரர் மனப்பாடம் செய்ததைப் பிசகாமல் சொன்னார். டாக்டர் முகம் மலர்ந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாட்டேன் என்றதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறாரே, நல்ல மனுஷன் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, டாக்டர் பவர் எழுதிய நாற்பது சீட்டுகளும் ஒரு பெட்டி நிறைய ஃபிரேம்களும் வந்து இறங்கின. உடனே மச்சினியை அழைத்தார்.

"அப்படிச் சொன்னா, 'நான் செஞ்சு குடுத்துடறேன், கவலைய விடுங்க'ன்னு அர்த்தம் மாமா."

"மரியாதைக்குன்னியே."

"ஆமா. உங்க மரியாதையக் காப்பாத்தத்தான்."

பக்கத்தில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மேலே போய் முடியாது என்று சொல்லிவிடலாம்தான். அதற்கும் ஆங்கிலம் வேண்டும். அதற்கும் இதே மச்சினியைத்தான் கேட்க வேண்டும். கடைக்காரர் பேசாமல் லென்ஸ் தேய்க்க உட்கார்ந்தார். மனைவி சீட்டைப் பார்த்து எண் சொன்னாள், துடைத்தாள், உறையில் போட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் நாற்பதும் தயார். அவருக்கே அது நம்பமுடியாமல் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

டிரைவர்கள் வரிசையில் வந்து வாங்கிப்போனார்கள். கடைசி ஆள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். அங்கிருந்த பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இங்க ஒரு ஸ்டாப் இருக்கா?"

"பதினோரு வருஷமா இருக்கு" என்றாள் கடைக்காரரின் மனைவி.

"எட்டு வருஷமா இந்த ரூட்ல நான்தான் ஓட்டறேன்."

"தெரியும். உங்க பின்னாடிதான் ஓடி வந்திருக்கேன்."